கேத் லேப் கதவுக்கு உள்ளே: இதயம், மூளை ரத்தக்குழாய் சிகிச்சைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவை ஆஞ்சியோவுக்கு உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் ஒரு பக்கம். ப்ளஸ் டூ முடித்துவிட்டு இந்தப் படிப்பில் சேரலாமா என்று யோசிக்கும் பிள்ளைகளின் கேள்விகள் இன்னொரு பக்கம். இரண்டையும் கலந்தே இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, கேத் லேப் டெக்னாலஜிஸ்ட். உங்களுக்கு எந்தச் சிகிச்சை வேண்டும் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அந்த அறைக்குள் என்ன நடக்கிறது, யார் என்ன செய்கிறார்கள் என்பதை நான் சொல்ல முடியும்.

கேத் லேப் என்பது ஆபரேஷன் தியேட்டரா?

பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கும், ஆனால் கத்திக்கு அங்கே பெரிய வேலை இல்லை. நடுவில் ஒரு ஒடுங்கிய மேசை. அதைச் சுற்றி 'சி' எழுத்துபோல வளைந்த கை ஒன்று சுழலும். அதன் கீழ்முனையில் எக்ஸ்ரே குழாய், மேல்முனையில் படம் பிடிக்கும் பலகை. மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ ஊசித் துளை போட்டு, கதீட்டர் என்ற மெல்லிய குழாயை இதயம் வரைக்கும், வேண்டுமானால் மூளை வரைக்கும் கொண்டுபோகிறோம். ரத்தக்குழாய் எக்ஸ்ரேயில் தானாகத் தெரியாது. அயோடின் கலந்த டையைச் செலுத்தினால் அது ஓடும் சில நொடிகள் மட்டும் கிளை கிளையாகத் தெரியும். அந்தச் சில நொடிப் படத்தைப் பார்த்துத்தான் எல்லா முடிவும் எடுக்கப்படுகிறது.

பக்கத்தில் ஈயக்கண்ணாடி வைத்த சிறிய அறை ஒன்று இருக்கும். அதுதான் கன்சோல். டெக்னாலஜிஸ்டுகளில் ஒருவர் எப்போதும் அங்கே இருப்பார்.

ஆஞ்சியோகிராம், ஆஞ்சியோபிளாஸ்டி இரண்டும் ஒன்றா?

இல்லை. ஆஞ்சியோகிராம் என்பது படம் எடுத்து அடைப்பு எங்கே, எவ்வளவு என்று பார்ப்பது. ஆஞ்சியோபிளாஸ்டி என்பது அந்த அடைப்பைப் பலூனால் விரித்து, பெரும்பாலும் குழாய் திரும்பச் சுருங்காமல் தாங்கும் ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயை வைப்பது. முதலாவது முடிந்ததும் அதே மேசையில் இரண்டாவதைச் செய்வதும் உண்டு. அதனால்தான் நடுவில் டாக்டர் வெளியே வந்து உங்களிடம் பேசுவார். அந்த நேரத்தில் முடிவெடுக்கக்கூடிய ஒருவர் வெளியே இருக்க வேண்டும். எல்லோரும் ஒன்றாக டீ குடிக்கப் போய்விடாதீர்கள்.

இதயத்துக்குள் குழாய் விடலாம் என்று முதலில் யார் துணிந்தது?

1929-இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே ஊரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர். தன் கை ரத்தக்குழாய் வழியாக 65 சென்டிமீட்டர் குழாயைத் தானே செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறை வரை நடந்துபோய்ப் படம் எடுக்கவைத்தார். அவருக்கு வேண்டிய கருவிகளை எடுத்துக்கொடுத்தவர் கெர்டா டிட்சன் என்ற நர்ஸ். இந்தத் துறையின் முதல் கதையிலேயே டாக்டருக்குப் பக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். ஃபோர்ஸ்மனுக்கு 1956-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்த பெரிய திருப்பம் ஒரு தவறால் வந்தது. 1958-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் என்ற டாக்டர் மகாதமனியில் டை செலுத்தப்போக, கதீட்டர் நுனி இதயத்தின் வலது ரத்தக்குழாய்க்குள் நழுவிவிட்டது. மொத்த டையும் அதற்குள்ளேயே போய் இதயத் துடிப்பு நின்றது. அவர் நோயாளியை இருமச் சொன்னார். இருமியதும் துடிப்பு திரும்பியது. இதய ரத்தக்குழாய்க்குள் நேராக டை செலுத்திப் படம் எடுக்கலாம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இன்றைக்கும் டை போனதும் துடிப்பு மந்தமானால், "ஐயா, பலமா இருமுங்க" என்று நாங்கள் குரல் கொடுப்போம்.

பலூனால் இதய அடைப்பை முதலில் விரித்தவர் ஆண்ட்ரியாஸ் கிரன்ட்சிக், 1977 செப்டம்பர் 16, சூரிச்சில். அவரிடம் பயின்று வந்த மேத்யூ சாமுவேல் களரிக்கல் 1986-இல் இந்தியாவின் முதல் ஆஞ்சியோபிளாஸ்டியைச் செய்தார். சென்னையில் நெடுங்காலம் பணியாற்றியவர்.

சரி, டெக்னாலஜிஸ்ட் அங்கே என்னதான் செய்கிறார்? மெஷினை ஆன் செய்வதா?

அதுவும்தான். ஆனால் காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தைச் சீராக்க வைத்திருக்கும் டீஃபிப்ரிலேட்டர் கருவி ஷாக் கொடுக்கிறதா என்று சோதிப்போம். அவசர மருந்துத் தள்ளுவண்டியில் எதுவும் குறையாமல் இருக்கிறதா, தற்காலிக பேஸ்மேக்கருக்குப் பேட்டரி இருக்கிறதா, ஸ்டென்ட் அலமாரியில் எந்த அளவு தீர்ந்துபோயிருக்கிறது என்று பார்ப்போம். 2.25 முதல் 4 மில்லிமீட்டர் விட்டம் வரை, ஒவ்வொன்றிலும் பல நீளங்கள். நடுராத்திரியில் 3 மில்லிமீட்டர் விட்டம் கேட்கும்போது அது இல்லை என்று சொல்ல முடியாது.

நோயாளி வந்ததும் பெயர், எந்தப் பக்கம், என்ன சிகிச்சை, என்ன அலர்ஜி என்று வாய்விட்டுக் கேட்டுச் சரிபார்ப்போம். ஈசிஜி லீடுகளை ஒட்டுவோம். ரத்த அழுத்தத்தை அளக்கும் டிரான்ஸ்டியூசரை நோயாளியின் இதய மட்டத்துக்குச் சரியாக வைத்து ஜீரோ செய்வோம். இது கொஞ்சம் மேலே கீழே போனாலும் வரும் எண் பொய்யாகிவிடும். குழாய்களில் காற்று இல்லாமல் சலைன் ஓட்டுவோம்.

சிகிச்சை நடக்கும்போது ஒருவர் டாக்டருக்கு எதிரே நின்று கைடு வயர், பலூன், ஸ்டென்ட் எடுத்துக் கொடுப்பார். கைடு வயர் என்பது மற்றக் கருவிகளுக்குப் பாதை காட்டும் கம்பி, அங்குலத்தில் ஆயிரத்தில் 14 பங்கு தடிமன்தான், தலைமுடியைவிடச் சில மடங்கு அதிகம், அவ்வளவே. அதன்மேல் கதீட்டரை மாற்றும்போது வயர் நுனி இருந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது. பலூனை விரிக்கும்போது "எட்டு... பத்து... பன்னிரண்டு" என்று அழுத்தத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த ஹெப்பாரின் போதுமா என்று ஏசிடி சோதனை செய்ய வேண்டும். கன்சோலில் இருப்பவர் ஈசிஜியையும் அழுத்த அலையையும் பார்த்துக்கொண்டே இருப்பார், எந்த நிமிடம் என்ன நடந்தது என்று பதிவும் செய்வார்.

இதில் மிக முக்கியமான வேலை எது?

பார்த்ததைச் சொல்வது.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், கன்சோலில் உட்கார்ந்திருந்தேன். கதீட்டர் நுனி இதயத்தின் இடது ரத்தக்குழாய் வாயைத் தொட்டதும், மலைச்சிகரம்போல ஏறி இறங்கிக்கொண்டிருந்த அழுத்த அலை சட்டென்று தட்டையானது. எங்கள் பேச்சில் இதற்கு 'பிரஷர் டேம்ப் ஆகுது' என்பார்கள். நுனி குழாயின் வாயை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அல்லது அந்த வாயிலேயே அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் டையை வேகமாகச் செலுத்தினால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோகலாம், குழாயின் உட்சுவர் கிழியவும் செய்யலாம். எனக்கு அது தெரியும், கண்ணாலும் பார்த்தேன். ஆனால் எதிரே இருந்தவர் மூத்த டாக்டர். அவரும் பார்த்திருப்பார் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன். அவர் கண் எக்ஸ்ரே படத்தில் இருந்தது. சிரிஞ்சை அழுத்தப்போன நேரத்தில் எனக்குப் பின்னால் நின்ற சீனியர் அக்கா, "சார், ஸ்டாப்! டேம்ப் ஆகுது!" என்று கத்தினார். டாக்டரின் கை நின்றது. கதீட்டரை மெல்லப் பின்னுக்கு இழுத்தார், அலை திரும்ப வந்தது. கொஞ்சமாக டை விட்டுப் பார்த்தபோது, இடது பிரதான ரத்தக்குழாயின் வாயிலேயே பெரிய அடைப்பு.

கேஸ் முடிந்ததும் டாக்டர் அந்த அக்காவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அக்கா என்னிடம் சொன்னது ஒரே வரிதான்: "பார்த்தா போதாது தம்பி, சொல்லணும்." புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதும் இதுதான். டாக்டருக்குத் தெரிந்திருக்கும் என்று எண்ணி வாயை மூடிக்கொள்ளக் கூடாது. தெரிந்ததையே இரண்டாவது முறை கேட்டால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

மயக்க மருந்து கொடுப்பார்களா? வலிக்குமா?

இதய ஆஞ்சியோவில் பெரும்பாலும் முழு மயக்கம் கிடையாது. ஊசி போடும் இடம் மட்டும் மரத்துப்போகும். குழாய் உள்ளே ஊர்வது தெரியாது. டை போகும்போது உடம்பெல்லாம் ஒரு சூடு பரவும், சிறுநீர் போய்விட்டதோ என்றுகூடத் தோன்றும். பயப்பட வேண்டாம், சில நொடிகளில் அடங்கிவிடும். பலூன் விரியும்போது நெஞ்சு கொஞ்சம் இறுகலாம். அதை மறைக்காமல் சொல்லுங்கள். தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று வலியை அடக்கிக்கொண்டு படுத்திருக்கும் பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் விழித்திருப்பதே எங்களுக்கு ஒரு கருவிதான்.

கை வழியா, தொடை வழியா?

இப்போது இதயத்துக்குப் பெரும்பாலும் மணிக்கட்டு வழிதான். ரத்தக்கசிவு குறைவு, சீக்கிரம் எழுந்து உட்காரலாம். தொடை வழி என்றால் பல மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். மணிக்கட்டு நாளம் சின்னதாகவோ வளைந்தோ இருந்தால், பெரிய கருவிகள் வேண்டியிருந்தால், தொடைதான்.

போவதற்கு முன் எதையெல்லாம் சொல்ல வேண்டும்?

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறீர்களா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறீர்களா, சிறுநீரகக் கோளாறு உண்டா, முன்பு எப்போதாவது சிடி ஸ்கேனில் டை போட்டபோது தடிப்போ மூச்சுத்திணறலோ வந்ததா, ஆஸ்துமா இருக்கிறதா, பெண்கள் கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா. இவை எல்லாமே. கிரியேட்டினின் ரிப்போர்ட் கேட்பதும் இதனால்தான். டை சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது.

இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டையும் ஒத்துக்கொள்ளாது என்று ஒரு பேச்சு உண்டு, அது சரியல்ல. கடலுணவு அலர்ஜிக்குக் காரணம் அதிலுள்ள புரதம், அயோடின் அல்ல. ஆனாலும் எந்த அலர்ஜியாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். முக்கியமாக ஒன்று: வெறும் வயிற்றோடு வரச் சொல்லியும் காலையில் ஒரு வாய் காபி குடித்திருந்தால், திட்டுவார்களே என்று மறைக்காதீர்கள். யாரும் திட்டமாட்டோம். வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போய்விட்டால்தான் ஆபத்து.

கதிர்வீச்சு ஆபத்தா?

நோயாளிக்கு முதலில் சொல்கிறேன். ஒரு சாதாரண இதய ஆஞ்சியோகிராமில் சராசரியாகக் கிடைப்பது 7 மில்லி சீவெர்ட் அளவு என்பார்கள். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக ஒவ்வொருவருக்கும் உலக சராசரியில் ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லி சீவெர்ட் கிடைக்கிறது. ஆக, மூன்று வருட இயற்கைக் கதிர்வீச்சு ஒரே நாளில் கிடைப்பதுபோல. அடைப்பு தெரியாமல் இருப்பதன் ஆபத்தோடு ஒப்பிட்டால் இது சின்னது. ஆனால் சிக்கலான ஆஞ்சியோபிளாஸ்டி இரண்டு மூன்று மணி நேரம் நீளும்போது கதை வேறு. ஒரே கோணத்தில் தொடர்ந்து பார்த்தால் முதுகுத் தோலின் ஒரே இடத்தில் கதிர் குவியும். திரையில் ஓடும் கதிர் அளவை (கிரே என்ற அலகில் வரும்) டெக்னாலஜிஸ்ட் கவனித்து டாக்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். 2 கிரேயைத் தாண்டினால் தோல் சிவக்க வாய்ப்புண்டு. 5 கிரேயைத் தாண்டினால் வீட்டுக்குப் போன பிறகும் முதுகைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்ப வேண்டும். கோணத்தை லேசாக மாற்றுவது, படத்தின் ஓரங்களை அடைத்துச் சுருக்குவது, நொடிக்கு 15 படம் என்பதை 7.5 ஆக்குவது, படப்பலகையை உடம்புக்கு நெருக்கிவைப்பது என்று குறைக்கும் வழிகள் எல்லாம் எங்கள் கையில்தான் இருக்கின்றன.

எங்களுக்கு? நோயாளிக்கு அது ஒரு நாள், எங்களுக்குத் தினமும். எங்கள்மேல் விழுவது பெரும்பாலும் நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறும் கதிர். அரை மில்லிமீட்டர் ஈயத்துக்குச் சமமான ஏப்ரன், கழுத்துக்குத் தைராய்டு காலர், கண்ணுக்கு ஈயக்கண்ணாடி போட்டுக்கொள்கிறோம். எல்லாவற்றையும்விட நல்ல கவசம் தூரம். இரண்டு மடங்கு தள்ளி நின்றால் கதிர் நான்கில் ஒரு பங்காகிவிடும். ஏப்ரனுக்குள் மார்பில் மாட்டும் டிஎல்டி பேட்ஜ் எவ்வளவு வாங்கினோம் என்று காட்டும். இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு: ஐந்து ஆண்டு சராசரியாக வருடத்துக்கு 20 மில்லி சீவெர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-க்கு மேல் கூடாது. பேட்ஜை லாக்கரில் வைத்துவிட்டு வேலை பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கு மனசு கலங்கும். அளவு கூடினால் கேள்வி வரும் என்று பேட்ஜைக் கழற்றலாம், வாங்கும் கதிர் அதனால் குறையாது. ஏப்ரனை மடித்துவைத்தால் உள்ளே ஈயம் விரிசல் விடும், தொங்கவிடுங்கள்.

ஹார்ட் அட்டாக்கில் நேராகக் கேத் லேபுக்கா?

ஒரு வகை மாரடைப்பில், ரத்தக்குழாய் முழுசாக அடைத்து ஈசிஜியில் அதற்குரிய மாற்றம் தெரியும்போது, ஆமாம். ஆஸ்பத்திரி வாசலில் நுழைந்ததிலிருந்து அடைப்பு திறக்கும் வரை 90 நிமிடத்துக்குள் என்பது பல இடங்களில் வைத்துக்கொண்ட இலக்கு. ராத்திரி 2 மணிக்கு போன் வந்தால் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடிவருவோம். டாக்டர் வந்து சேரும்போது மேசை தயாராக இருக்க வேண்டும். பக்கத்தில் கேத் லேப் இல்லாத ஊர் என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதலில் போட்டு அனுப்புவார்கள். வாயுப்பிடிப்பு என்று சோடா குடித்துக் காத்திருப்பதில்தான் எங்கள் ஊர்களில் அதிக நேரம் போகிறது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

மூளையில் என்ன செய்கிறார்கள்?

மூளை ரத்தக்குழாயை டை விட்டுப் படம் பிடிப்பது இதயத்துக்கும் முந்தியது. 1927-இல் போர்ச்சுகலின் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் செய்தார். இன்று முக்கியமாக இரண்டு சிகிச்சைகள்.

ஒன்று, ரத்தக்குழாயின் சுவர் பலவீனமாகி பலூன்போல உப்பிய அனியூரிசத்துக்கு. அது வெடித்தால் பெரும்பாலும் மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு. அந்த உப்பலுக்குள் பிளாட்டினக் கம்பிச்சுருளை நூல் உருண்டைபோல நிரப்பி அடைத்துவிடுவார்கள். சரியான இடத்தில் உட்கார்ந்ததும் சிறிய மின்னோட்டம் விட்டுக் கழற்றிவிடும் சுருளைக் கொண்டுவந்தவர் குய்தோ குக்லியெல்மி. முதல் நோயாளிக்கு 1990-இல் வைத்தார்கள். அதற்கு முன் மண்டையோட்டைத் திறந்து கிளிப் போடுவதே முக்கிய வழி, இப்போதும் சிலருக்கு அதுவே சிறந்தது.

இரண்டாவது, பக்கவாதத்தில் பெரிய ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியை வெளியே இழுப்பது. வலைபோன்ற ஸ்டென்டைக் கட்டிக்குள் விரித்து அப்படியே இழுப்பார்கள், அல்லது உறிஞ்சி எடுப்பார்கள். 2015-இல் வெளிவந்த ஐந்து ஆய்வுகள் இது பலன் தருவதை உறுதியாகக் காட்டின. முதலில் 6 மணி நேரத்துக்குள் என்றிருந்தது, 2018-க்குப் பிறகு ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய பகுதி மிச்சம் இருந்தால் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள். அதற்காக நேரம் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முகம் ஒரு பக்கம் கோணுவது, கை தொய்வது, பேச்சு குழறுவது. இதில் ஒன்றைப் பார்த்தாலும் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு, சிடி ஸ்கேனும் நரம்பியல் சிகிச்சையும் உள்ள இடத்துக்கு உடனே கிளம்புங்கள். அந்த நேரத்தைச் சரியாகச் சொல்வது வீட்டில் இருந்தவர் மட்டுமே செய்யக்கூடிய உதவி.

மூளைக் கேஸில் டெக்னாலஜிஸ்டின் வேலை மாறுமா?

நிறையவே. இதயம் அசைந்துகொண்டே இருக்கும், அதை ஓட்டமாகப் படம் பிடிக்கிறோம். மூளையில் மண்டையோட்டு எலும்பு மறைக்கும். அதனால் டை விடுவதற்கு முன் ஒரு படம், விட்ட பிறகு ஒரு படம் எடுத்து, இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்துவிடுவோம். எலும்பு போய் ரத்தக்குழாய் மட்டும் மிஞ்சும். இடையில் நோயாளி எச்சில் விழுங்கினால்கூட எலும்பின் நிழல் இரட்டையாக வந்து படம் கெட்டுவிடும். ஆகவே மூச்சை எப்போது பிடிக்கவேண்டும், எப்போது விடவேண்டும் என்று முன்பே ஒருமுறை பழக்கிவிடுவோம். நீண்ட சிகிச்சை என்றால் முழு மயக்கம் கொடுப்பார்கள்.

என் தூக்கத்தைக் கெடுப்பது காற்றுக்குமிழ்தான். மூளைக்குப் போகும் குழாயில் ஒரு சிறு குமிழ் நுழைந்தாலும் அதுவே பக்கவாதத்தை உண்டாக்கலாம். அதனால் ஹெப்பாரின் கலந்த சலைன் பைகளை அழுத்தப்பட்டையில் மாட்டி, ஒவ்வொரு கதீட்டருக்கும் தனித்தனியாக விடாமல் சொட்டவிடுவோம். ஒவ்வொரு இணைப்பையும் விரலால் சுண்டிச் சுண்டி ஒட்டியிருக்கும் குமிழை வெளியேற்ற வேண்டும். பை தீர்வதற்குள் மாற்ற வேண்டும், தீர்ந்த பிறகு இல்லை. பார்க்க அலுப்பான வேலை. நூறாவது தடவையும் முதல் தடவைபோல அதைச் செய்பவரைத்தான் நான் நல்ல டெக்னாலஜிஸ்ட் என்பேன்.

ஸ்டென்ட் விலையை யாரிடம் கேட்பது?

கூச்சப்படாமல் டாக்டரிடமே கேளுங்கள். 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் விலை ஆணையம் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என உச்சவரம்பு வைத்தது, அதன் பிறகு அது மாறி வருகிறது. பில்லில் ஸ்டென்டின் பெயரும் விலையும் தனியாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு இடம் உண்டு. அட்டை இருந்தால் அட்மிஷன் போடும்போதே காட்டுங்கள்.

இந்தப் படிப்பில் சேர என்ன வேண்டும்?

ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்ஸி. கார்டியாக் டெக்னாலஜி, ரேடியோகிராஃபி படிப்புகள் இருக்கின்றன. சேரும் முன் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: அந்தக் கல்லூரிக்குச் சொந்தமாக ஓடும் கேத் லேப் உண்டா? மேசைப் பக்கத்தில் நிற்காமல் இதைக் கற்றுக்கொள்ள முடியாது. நாள் முழுக்க ஏப்ரன் சுமந்து நிற்பதால் முதுகும் முழங்காலும் வலிக்கும், ராத்திரி அழைப்பு வரும். பெண் பிள்ளைகள் தாராளமாக வரலாம். கர்ப்பம் தெரிந்ததும் உடனே கதிர்ப் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லிவிட வேண்டும், அதற்கென்று தனி வரம்பும் வேலை மாற்றமும் விதியிலேயே இருக்கின்றன.

வீட்டுக்குக் கிளம்பும்போது என்ன கேட்டு வாங்க வேண்டும்?

படங்கள் உள்ள சிடி, டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்டென்டோ சுருளோ வைத்திருந்தால் அதன் பெயர், அளவு, தேதி எழுதிய அட்டை. பின்னால் எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் அந்த அட்டையைத்தான் கேட்பார்கள். துளை போட்ட இடம் வீங்கினாலோ ரத்தம் கசிந்தாலோ விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். ஸ்டென்ட் வைத்த பிறகு ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகளை, பல் பிடுங்க வேண்டும் என்று பல் டாக்டர் நிறுத்தச் சொன்னாலும், இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நிறுத்தாதீர்கள். அதைப் பாதியில் விட்டு, வைத்த ஸ்டென்ட் அடைத்து அதே மேசைக்குத் திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.